வடபாதை – 9: கொள்ளுப்பாட்டன் எங்கே பிறந்தார்?

கடந்த வாரம் கூட்டம் தம்புள்ளைக் குகைக் கோயிலின் அடிவாரத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் வேலைக்காக ராமநாதபுரக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, குடிக்கத் தண்ணீர் கிடைக்காத வடபாதை என்ற காட்டு வழியில் மதவாச்சி, மிகிந்தலை என்று நடந்து வந்தவர்கள். புறப்படும்போது இருந்த தலைக்கணக்கு தம்புள்ளையில் இல்லை. வாந்திபேதி கண்டவர்களைப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் நடந்திருந்தார்கள்.

1840களில் மட்டும் இப்படி 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று 1849இல் கொழும்பு 'ஒப்சர்வர்' பத்திரிகை கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு சரிதானா என்று சரித்திரக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். செத்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்காததால் வந்த வாதம் இது.

இந்த வாரம் கூட்டம் மாத்தளைக்குள் நுழைகிறது. நூறு ஆண்டு கழித்து, அதே மலைச்சரிவில் வாழும் அதன் வாரிசுகளிடம் ஓர் அரசாங்கம் ஒரு கேள்வி கேட்கும். உன் அப்பன் எங்கே பிறந்தான்? அப்பனுக்குச் சீட்டு இல்லையென்றால், உன் பாட்டன் எங்கே பிறந்தான், பாட்டனின் அப்பன் எங்கே பிறந்தான்?

* * *

தம்புள்ளையிலிருந்து மாத்தளை ஏறக்குறைய 46 கிலோமீட்டர். நாவுல தாண்டும்வரை வன்னிக் காட்டின் வறட்சி கூடவே வரும். நாலந்தாவை நெருங்கும்போது நிலம் மேலேற ஆரம்பிக்கும், காற்று ஈரமாகும், புல்லுக்குள் அட்டை தெரியும். புழுதியிலும் வெயிலிலும் வளர்ந்த ராமநாதபுரத்து, புதுக்கோட்டைக் கால்களுக்கு இது புது மண்.

நகருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், பாதையோரப் பாறைகளின் இடுக்கில் அலுவிகாரை. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியிலேயே வந்த பௌத்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் ஏறியது இங்கேதான் என்பது மரபு. ஏட்டுக்குப் பேர்போன அந்த இடத்தைக் கடந்துதான், எந்த ஏட்டிலும் ஏறாத ஒரு சனம் மலைக்குள் போயிற்று.

மாத்தளை அவர்களுக்கு மலைநாட்டின் வாசல். மன்னாரிலிருந்து ஒன்றாக வந்த கூட்டங்கள் இங்கே பிரிந்தன. சில கிழக்கே ரத்தோட்டைக்கும் கம்மடுவைக்கும் ஏறின; சில எல்கடுவைப் பக்கம் திரும்பின; மிச்சம் கண்டிக்கும் அதற்கு அப்பாலும் நடந்தன. யார் எந்தத் தோட்டத்துக்கு என்பதை, ஆள் திரட்டி வந்த கங்காணிதான் சொன்னான். அண்ணன் ஒரு கங்காணியோடும் தம்பி வேறொரு கங்காணியோடும் வந்திருந்தால் இருவரும் கடைசியாகப் பேசிய இடம் மாத்தளையாக இருந்திருக்கலாம். இன்று குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு முதல் முடிச்சு விழுவது இந்த இடத்தில்.

மழைக்குளிரில் வந்து சேர்ந்தவர்கள் மரத்தடியில் மாரியம்மனை வைத்துக் கும்பிட்டார்கள் என்பது நகரத்துப் பெரியவர்கள் சொல்லும் கதை. அந்த இடத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொறுப்பில் 1874இல் எழுந்ததுதான் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் கோயில். 1983 ஜூலையில் வெறிக்கும்பல் வைத்த தீயில் அந்தத் தேர்களும் கருகின. பிறகு எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார்கள். 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, முன்னோர் நடந்த வழியில் 250 கிலோமீட்டருக்குக் கிட்ட நடந்த 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபவனி ஆகஸ்ட் 12இல் வந்து முடிந்ததும் இந்த மாத்தளையில்தான். 

* * *

அதே நகரத்தில் இன்னொரு வாசலும் உண்டு. 1803இல் கண்டி மன்னனோடு போருக்கு வந்த ஆங்கிலேயர், தளபதி மக்டவல் பெயரில் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டை நிலைக்கவில்லை. நுழைவாயில் மட்டும் மிஞ்சியது. உள்ளே கிடந்த நிலம் பின்னர் கல்லறைத் தோட்டமாயிற்று.

வெள்ளைக்காரத் துரைக்குக் கல்லறை, கூலிக்கு ஏட்டில்கூட இடமில்லை. இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாத்தளையில் கோப்பி பயிரிட்ட ஒரு ஸ்கொட்லாந்துக்காரரின் கொள்ளுப்பேத்தி இன்று தன் முன்னோரைத் தேடி வந்தால் அவருக்கு வழிகாட்டக் காகிதங்கள் வரிசையில் நிற்கின்றன. தோட்டத்தின் பெயர், பரப்பு, சொந்தக்காரர், துரை என்று எல்லாம் அச்சிட்ட பெர்குசன் டைரக்டரி ஆண்டுக்காண்டு வந்தது. இலங்கைக் கல்லறைகளின் எழுத்துகளையெல்லாம் ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் அதிகாரி திரட்டி 1913இல் தடித்த புத்தகமாகவே போட்டார். கல்லறைக் கல் இல்லாமல் போனவர்களுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார். தேவாலயப் பதிவேடு, உயில், காணி உறுதி எல்லாம் இதற்கு மேல்.

அந்தத் துரையின் தோட்டத்தில் காடு வெட்டியவரின் கொள்ளுப்பேத்தி, ரத்தோட்டையின் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பேருந்து ஏறி அதே நகரத்துக்கு வருகிறார். அவர் கையில் பாட்டனின் பெயர் இருக்கிறது. பாட்டனின் பாட்டனார் பெயரும் அதுவாகவே இருக்கலாம், ஏனென்றால் பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது வழக்கம். ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி என்று இரண்டே பெயர்கள் நான்கு தலைமுறையை நிரப்பிவிடும். துரையின் கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது ராமசாமி ஒரு மாதம் ராமன், மறுமாதம் ராமு. ஒரே செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், ஏழெட்டு ராமசாமி இருந்தால் பெயருக்குப் பதில் இலக்கம்.

* * *

முதல் முன்னோர் எந்த ஆண்டில் வந்தார்? மலையகத்துக்கு 200 ஆண்டு என்பது 1823ஐ ஒட்டி, கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பித் தோட்டத்திலிருந்து எண்ணும் கணக்கு. ஒரு சமூகத்தின் கணக்காக அது சரி. ஒரு குடும்பத்தின் கணக்காக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறிப்போகும்.

1844ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து வந்தவர்களில் ஆண்கள் 74,840, பெண்கள் 1,181, குழந்தைகள் 724. ஆண்கள் நூறு பேருக்குப் பெண்கள் இரண்டு பேர்கூட இல்லை. கோப்பிப் பழம் பறிக்க வந்து, பறித்து முடித்ததும் அதே காட்டு வழியில் ஊர் திரும்பிய ஆண்கள் இவர்கள். உயிரோடு திரும்பியவர்கள் அடுத்த ஆண்டும் வந்தார்கள். இவர்களில் பலருக்கு மாத்தளையில் வம்சம் கிடையாது. வம்சம் இருந்தால் அது சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ இருக்கும்.

பெண்டு பிள்ளைகளோடு வந்து தங்கும் காலம் பிறகுதான் வந்தது. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி படிந்தாற்போல ஒரு பூஞ்சண நோய் தெரிந்தது. பதினைந்து, இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்து அந்த இடத்தில் தேயிலை வந்தது. மாத்தளையில் கொக்கோவும், பின்னர் ரப்பரும் வந்தன. கோப்பிக்கு ஒரு பருவத்தில் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். அதற்குள் 1876–78 பெரும் பஞ்சம் தமிழ்நாட்டுக் கிராமங்களைக் காலிசெய்திருந்தது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். ஆகவே இன்றைய மாத்தளைக் குடும்பம் ஒன்று தன் முதல் முன்னோரைத் தேடினால், 1870களுக்குப் பிறகு தேடுவதுதான் புத்தி. இருநூறு ஆண்டுப் பெருமையை இது குறைத்துவிடாது. தேடும் இடத்தை மட்டும் மாற்றும்.

1880இல் கண்டியிலிருந்து ரயில் பாதை மாத்தளைவரை வந்தது. ஆனால் வடக்கே மன்னார்வரை இன்னும் நடைதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் பயத்தால் வடபாதை மூடப்பட்டு, ஆட்கள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு வந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும், பழைய காட்டு வழிக்குப் பக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது.

* * *

1848க்குக் கொஞ்சம் திரும்பிப் போகலாம். மாத்தளை என்றால் இலங்கைப் பாடப்புத்தகத்துக்கு அந்த ஆண்டுதான்.

கோப்பி விலை 1847இல் சரிந்தது. லண்டன் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கு இருந்த வரிச்சலுகை போயிற்று. கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்கள் திவாலானார்கள். அரசாங்கத்தின் வருமானமும் படுத்தது. புதிதாக வந்த ஆளுநர் டொரிங்டன், நட்டத்தை நாட்டு மக்கள் தலையில் வைத்தார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, தெருப்போட ஆறு நாள் வேலை. ஏற்கெனவே 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் தங்கள் சேனைப் பயிர் நிலமும் காடும் கோப்பிக்குப் போய்விட்டதைப் பார்த்திருந்த சிங்களக் குடியானவருக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை.

ஜூலை 28இல் தம்புள்ளைக் குகைக் கோயிலில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூடினார். புரன் அப்பு தளபதி. கூட்டம் நேரே மாத்தளைக்கு வந்தது. நாம் இவ்வளவு நேரம் நடந்துவந்த அதே பாதையில்.

மாத்தளையின் அரசாங்கக் கச்சேரிக்குள் புகுந்தவர்கள் வரிப் பதிவேடுகளைத் தேடி அழித்தார்கள். தங்களை வதைத்தது காகிதம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கோப்பித் தோட்டங்களும் தாக்கப்பட்டன. வாரியபொலவில் படை வந்து கூட்டத்தைச் சிதறடித்தது. ஆகஸ்ட் 8இல் புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். எல்கடுவைப் பக்கம் ஒரு குகையில் ஒளிந்திருந்த பண்டா செப்டம்பரில் பிடிபட்டு மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்தக் கலவரத்தில் அலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன.

அந்த ஜூலையில் மாத்தளைத் தோட்டங்களில் இருந்த தமிழ்க் கூலிகள் என்ன ஆனார்கள்? பாடப்புத்தகக் கதையில் அவர்கள் வருவதேயில்லை. காணியைப் பறித்தவன் துரை. பறித்த காணியில் கத்தியும் மண்வெட்டியுமாக நின்றவன் கூலி. அவனும் கடனுக்கு வந்தவன்தான் என்பது காணியை இழந்த கிராமத்தானுக்குத் தெரிய நியாயமில்லை. 'கோப்பியோடு வந்த அந்நியன்' என்ற எண்ணம் கண்டிச் சீமைக் கிராமங்களில் வேர்விட்டது இந்தக் காலத்தில்தான் என்றே தோன்றுகிறது. சரியாக நூறு ஆண்டு கழித்து அது சட்டமாக முளைத்தது.

* * *

இடைப்பட்ட நூறு ஆண்டில் அந்தக் கூலியின் பெயரை எழுதியவர்கள் யாருமே இல்லையா?

எழுதினார்கள். கடனாக எழுதினார்கள்.

கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டும்போது முன்பணம் கொடுப்பான். தோணிச் செலவு, வழிச்சாப்பாடு, ஒரு கம்பளி, ஊரில் அடைக்க வேண்டிய பழைய கடன் எல்லாம் சேர்ந்து அந்த ஆளின் பெயரில் ஏறும். அந்தப் பணம் தோட்டத்திலிருந்து பெரிய கங்காணிக்கும், அவனிடமிருந்து சில்லறைக் கங்காணிக்கும், அவனிடமிருந்து தொழிலாளிக்கும் இறங்கி வந்தது. திரும்ப வசூலாவது மாத்திரம் கீழிருந்து மேலே. வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமா? 'துண்டு' வேண்டும். இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. மாத்தளையில் ஒரு துரை எழுதிய துண்டைத் தூக்கிக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவான். கடனைக் கட்டச் சம்மதிக்கிற துரையிடம் கூட்டம் போகும். 1921இல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. வட்டமான சின்னத் தகடு. கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டுவதற்கு ஓர் ஓட்டை. அதில் தோட்டம் இருக்கும் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். கழுத்தில் அந்தத் தகடு கிடந்தால் கப்பலிலும் ரயிலிலும் யாரும் காசு கேட்க மாட்டார்கள். செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கில் எழுதும், கங்காணி யாருடைய கணக்கில் எழுதுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. மனிதர் ஒருவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தகட்டில் இல்லை, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

பழைய வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு தகடு கிடைத்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மாவட்ட எழுத்தையும் தோட்ட இலக்கத்தையும் வைத்து முதல் தோட்டத்தைக் கண்டுபிடிக்க வழியிருக்கிறது.

தேவாலயங்கள் இன்னொரு வழி. 1854இல் ஆங்கிலிக்கர்கள் தோட்டத் தமிழருக்கென்றே 'தமிழ் கூலி மிஷன்' தொடங்கினார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் தாய் பெயரும் ஏறின. ஆனால் கிறிஸ்தவரானவர்கள் சிறு தொகையினர். மாரியம்மனைக் கும்பிட்டவர்களுக்குக் கோயிலில் அப்படி ஓர் ஏடு இல்லை. அர்ச்சகர் கேட்டதும் பெயர், நட்சத்திரம்தான்.

பிறப்புப் பதிவு இலங்கையில் கட்டாயமானது 1897இல். அதற்கு முன் லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சாட்சி மருத்துவச்சியின் நினைவு மட்டுமே. இந்த ஆண்டை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்து வரும் சட்டம் இந்த ஆண்டைப் பற்றிக் கவலைப்படவேயில்லை.

* * *

1948 பிப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம். அதே ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம், இலக்கம் 18. நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது.

வம்சாவழியால் பிரஜையாக வேண்டுமென்றால், அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும். தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் அந்தப் பாட்டனின் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தான் இங்கே பிறந்தது மட்டும் போதாது. தாய் இங்கே பிறந்தாளா என்று சட்டம் கேட்கவே இல்லை.

1948இல் நாற்பது வயதான ஒரு மாத்தளைத் தொழிலாளி 1908இல் பிறந்தவர். அவருடைய தகப்பன் 1880ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். பதிவு கட்டாயமாவதற்குப் பதினேழு ஆண்டு முன்னால். இந்தக் கணக்கைப் போடச் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? கண்டிக் கிராமத்துச் சிங்களவரில் எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் இருந்தவனிடம் கேட்டார்கள். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றிருந்தது; வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்கு விழுந்திருந்தன. காரணம் அங்கே இருந்தது.

அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. இதில் பாட்டன் கேள்வி இல்லை, வதிவிடக் கேள்வி. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. காங்கிரஸ் முதலில் இதைப் புறக்கணிக்கச் சொன்னது. காலம் நெருங்கியபோது முடிவை மாற்றியது. கடைசி மாதங்களில் நாடெங்கும் தோட்டத் தமிழர்கள் அவசர அவசரமாகப் படிவம் நிரப்பினார்கள்.

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அந்த ஜூலை மாதத்து மாலைப்பொழுதை நினைத்துப் பார்க்கலாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் தோட்டப் பள்ளி வாத்தியார் அரிக்கன் லாம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"எப்ப இருந்து இந்தத் தோட்டத்துல வேல?"

"வெவரம் தெரிஞ்ச நாளா இங்கதாங்க வாத்தியாரய்யா. கீழ்லயத்துலதான் பொறந்தேன்."

"நடுவுல ஊருக்குப் போனீங்களா?"

"போனேனுங்க. அப்பாயி செத்தப்ப போயி, அப்பிடியே தங்கச்சி கல்யாணத்தையும் முடிச்சிட்டு வந்தேன்."

வாத்தியாரின் பேனா நின்றுவிடும். எத்தனை மாதம் தங்கினார்? அதிகம் தங்கியிருந்தால் இடைவிடாத வதிவிடம் என்ற கணக்கு அங்கே முறிகிறது. முன்னோரின் ஊரோடு உறவு விட்டுப்போகக் கூடாதென்று, கூலியில் மிச்சம் பிடித்து, குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டப் போனவர்தான் இந்தச் சட்டத்தின் கண்ணில் அதிகம் பிசகியவர். ஊரை அடியோடு மறந்துவிட்டவருக்கு ஓரளவு வாய்ப்பு இருந்தது. குடும்ப வரலாற்றைக் காப்பாற்றி வைத்திருந்ததற்கே அபராதம் விதித்த சட்டம் உலகில் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

செக்ரோல் சாட்சியாகுமே என்று நினைக்கலாம். அது துரையின் அலுவலகத்தில் இருந்தது. அதில் ராமசாமி, ராமனாகவும் ராமுவாகவும் இலக்கமாகவும் இருந்தார். கடன் பிடிப்பதற்கு அந்த எழுத்து போதுமானதாக இருந்தது. பிரஜாவுரிமைக்கு, படிவத்தில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றுதான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள்.

சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். ஆண்டுக்கணக்காக விசாரித்து முடித்தபோது பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர். ஏறக்குறைய ஆறில் ஒருவர், அவ்வளவுதான்.

சிலர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்து கோடக்கன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு மலையகத்தில் பேசப்பட்டது. முதலில் விசாரித்த அதிகாரி, பிரஜாவுரிமைச் சட்டமே ஓர் இனத்துக்கு எதிரான பாகுபாடு என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1951இல் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை என்பது அங்கே கிடைத்த பதில்.

இதற்கிடையே 1952 தேர்தல் வந்தது. முந்தைய தேர்தலில் வாக்குப் போட்ட தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் பெயர் இடாப்பில் இல்லை. அதை எதிர்த்து அந்த ஏப்ரலில் கொழும்பில் தொடங்கிய சத்தியாக்கிரகம் 140 நாள் நடந்தது.

* * *

மிச்சமிருந்தவர்கள் 'நாடற்றவர்' ஆனார்கள். இலங்கை, எமது பிரஜை இல்லை என்றது. இந்தியா, இங்கே பிறக்கவில்லையே என்றது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு இப்படியே போயிற்று. லயத்தில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்குப் போய், பெரட்டில் பெயர் கொடுத்து, கல்யாணமும் கட்டிக்கொண்டார்கள். எந்த நாட்டுப் பிள்ளை என்று மட்டும் எழுத முடியவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் தேதி டில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். எண்ணிப் பார்த்ததில் நாடற்றவர் 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். யாரைப் பிரிக்கிறோமோ அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில், டிசம்பர் புயலில், தனுஷ்கோடியே கடலுக்குள் போனது. போகிறவர்களுக்கு இனி இராமேஸ்வரம்தான் துறை.

இங்கே குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு எதிர்பாராத ஒன்று நடந்தது. இந்தியக் கடவுச்சீட்டு கேட்டு கண்டியில் இந்திய அலுவலகத்தின் முன் மாத்தளைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அங்கே கேட்ட கேள்வி கச்சேரியில் கேட்டதற்கு நேர்மாறானது. பூர்வீகம் எது? எந்த ஜில்லா, எந்தத் தாலுகா, எந்தக் கிராமம்?

இவ்வளவு காலமும் சொன்னால் ஆபத்து என்று வாய்க்குள் வைத்திருந்த ஊர்ப் பெயர்கள் அன்று வெளியே வந்தன. துறையூர், முசிறி, நாமக்கல், திருப்பத்தூர், அறந்தாங்கி. சிலருக்குக் கிராமம் தெரிந்திருந்தது. சிலருக்குக் குலதெய்வத்தின் பெயர் மட்டும் தெரிந்திருந்தது, அதை வைத்து ஊரை ஊகித்தார்கள். சிலர் பக்கத்தில் நின்றவர் சொன்ன ஊரையே தங்கள் ஊராகவும் எழுதிக்கொடுத்தார்கள். தோட்டத்தை விட்டு வெளியேற்றுவதற்காக எழுதிய அந்தக் காகிதம்தான், வடபாதையில் நடந்துவந்த மூதாதையின் ஊரைச் சொல்லும் ஆவணமாகப் பல குடும்பங்களில் இன்று மிஞ்சியிருக்கிறது.

அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று முடிவாகி, மாத்தளை நிலையத்தில் ரயிலேறியவர்கள் தலைமன்னார்த் துறைக்குப் போனார்கள். மடியில் கடவுச்சீட்டு, அதில் பாட்டனின் ஊர். எழுபது, எண்பது ஆண்டுக்கு முன் பஞ்சத்தில் ஓடிப்போனவனின் பேரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பெட்டியும் பிள்ளைகளுமாக வந்து நின்றபோது, அந்த ஊர் அவனைத் தன்னவன் என்று ஏற்றுக்கொண்டதா?

(அடுத்த வாரம்)